ஐம்பதில் ஒரு பங்கு சாக்கடை

எங்கள் தெருச் சாக்கடையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போடுவதுதான் வழக்கம். நானும் பல வருஷம் அப்படியே போய் வந்தவன். அந்த ஆடி மாதத்தில் அதன் எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதன் நிறத்தையும் நுரையையும் அதில் மிதப்பதையும் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அதை அப்படியே சிறிய அளவில் செய்ய வேண்டியிருந்தது.

எனக்குச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை. வார்த்து வரும் பிளாஸ்டிக் உறுப்புகள் வரைபடத்தில் உள்ள அளவுக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பிரிவு. வீட்டு மாடியறையில் என் சொந்த வேலை குட்டி மாடல்கள் செய்வது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பீரங்கி வண்டியும் போர் விமானமும் செய்கிறார்கள். இணையத்தில் அவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் உலகத்தில் சண்டையைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை என்று தோன்றும். எனக்கு அதில் மனம் போனதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர், வில்லியனூர் ரயில்வே கேட் ஓரத்து இஸ்திரி வண்டி, ஆட்களை அடைத்துக்கொண்டு நிற்கும் டெம்போ என்று கண்ணில் படுபவற்றைத்தான் செய்து வந்தேன். சாக்கடையும் தினம் கண்ணில் படுவதுதான். ஆனால் என் அக்காவின் கால் இல்லையென்றால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. கணவர் போன பிறகு, சத்துணவுக் கூடத்தில் சமைத்துச் சேர்த்த பணத்தில் தானே கட்டிய ஓட்டு வீடு. கட்டும்போது ரோட்டைவிட இரண்டு படி உயரம். ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து அக்கா வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் வழியாக அந்தப் பக்கம் வாய்க்காலுக்குப் போக வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. மழை வந்தால் முழுத் தெருவின் கழிவும் அக்கா வாசலில் வந்து நிற்கும். அக்காவுக்குச் சர்க்கரை. போன மழையில் காலில் வந்த புண் ஆறவில்லை. இன்னொரு முறை அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.

"அது என் வூடு. நான் இன்னாத்துக்குப் போவணும்? தண்ணி போவட்டும்" என்றாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் குழாய் அடைப்பை எடுக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். மனுவோடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். என் போனில் இருந்த படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது எல்லா ஊர்லயும் கீறதுதானே சார். தண்ணி எங்க வருது, எங்க நிக்குது, போட்டோல ஒண்ணும் புரில."

நேரில் வந்து பாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார். வரவில்லை. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. படத்தில் மேடு பள்ளம் தெரியாது. எல்லாம் ஒரே தட்டையான அசிங்கமாகத் தெரியும். சரி, மேடு பள்ளத்தையே கையில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"அவனுங்களுக்குப் பொம்ம செஞ்சி காட்டணுமாடா? கொழந்தைங்களா அவனுங்க?" என்று அக்கா சிரித்தாள்.

ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். ஐந்தரை அடி ஆள் என் சுண்டு விரலின் பாதிக்கு வந்துவிடுவார். கொத்தனார்கள் செய்கிற மாதிரி தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து ரோட்டின் மட்டம், சாக்கடையின் மட்டம், அக்கா வீட்டுத் தரையின் மட்டம் எல்லாவற்றையும் எடுத்தேன். பிளைவுட் பலகை மேல் தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கினேன். ரோட்டின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே குழாயும் குழாய்க்குள் அடைப்பும் தெரியும்படி வைத்தேன். இதுவரைக்கும் சுத்தமான வேலை. இதற்கு மேல்தான் அசிங்கம்.

ஒன்றைச் சிறியதாகச் செய்ய வேண்டுமானால் அதை யாரும் பார்க்காத அளவுக்குப் பார்க்க வேண்டும். காலையில் சோப்புத் தண்ணீர் கலந்து சாம்பல் வெள்ளையாக ஓடும். கறிக்கடை கழுவிவிடும் தண்ணீர் சேர்ந்ததும் ஓரங்களில் செம்பழுப்பு பிடிக்கும். வெயில் ஏற ஏற மேலே பச்சை ஏடு கட்டும். அந்த ஏட்டைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து ஒரு குமிழி வரும். குமிழி உடைந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்து, மறுபடி ஏடு மூடிக்கொள்ளும். அது ஏதோ தூக்கத்தில் மூச்சு விடுவது போல இருக்கும். நான் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்தப் பச்சையில் எவ்வளவு கறுப்பைக் கலக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். போகிறவர்கள் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள். சாக்கடையை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீருக்கு எபாக்சி, ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின். ஒவ்வோர் அடுக்கிலும் சலித்த மண், பழைய டீத்தூள், துளி பெயிண்ட். கேரி பேக்குக்குப் புதுச் சட்டை உறையின் பாலித்தீன்; அதுகூட இந்த அளவுக்குக் கனம்தான். மெழுகுவர்த்தி அனலில் காட்டிச் சுருக்கினேன். பிள்ளைகளின் டயப்பருக்கு டிஷ்யூ காகிதம் பசையில் நனைந்து ஊதியது போதுமானதாக இருந்தது. கோழி இறகுக்குப் பழைய பிரஷ்ஷின் மயிர். குடலுக்குத் தையல் நூல். பசையில் தோய்த்து, வெளிறிய ரோஸ் நிறம் கொடுத்து, சுருட்டி வைத்து, ஈரமாக மின்ன வேண்டுமென்று மேலே ஒரு சொட்டு வார்னிஷ் விட்டேன். நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஒரு வேலை நன்றாக வந்தால் எனக்குச் சந்தோஷம் வரும். அன்று தொண்டைக்குப் புளிப்புதான் வந்தது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, மொதல்ல அந்தக் கருமத்த மூடி வையிங்க. அப்பறம் தட்ட தரேன்."

மூடினேன். தட்டில் கீரைக் கடைசல். அந்தப் பச்சையைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மாடல் முடிகிற சமயத்தில் கறிக்கடைக்காரர் கேள்விப்பட்டு மேலே ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சாக்கடைக்குள் போகும் கழிவில் பெரும்பங்கு அவர் கடையிலிருந்துதான். அவர் கடையை, பின்னால் இருக்கும் நீல டிரம்மோடும் கூண்டுகளோடும் செய்து வைத்திருந்தேன். டிரம் பக்கத்தில் லுங்கி கட்டிய ஓர் ஆள் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! நம்ம கடையா இது? ஐயய்யோ, அசல் அப்பிடியே கீதே! டிரம்முல ஒடசல்கூட வுடல பாரேன்."

"இந்த ஆளு யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நான்தான்! தொப்பகூட கரெக்ட்டா வெச்சிட்ட. போர்டுதான்ணே சின்னதாப் போயிடுச்சி. செவப்புல கொஞ்சம் பெருசா எழுதிவுடு."

"அந்த வாளியக் கவுக்கறது தப்புன்னு காட்டத்தான்பா இத செஞ்சேன்."

"வேற எங்கண்ணே கவுக்கறது? குப்ப வண்டிக்காரன் கறிக்கழிவத் தொட மாட்டேங்கறான். என் தலைலயா கொட்டிக்கறது?"

சொல்லிவிட்டு மாடலை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார். சாயங்காலம் அவருடைய வாட்ஸாப் ஸ்டேட்டஸில் என் மாடல் இருந்தது. கீழே கடையின் பெயரும் போன் நம்பரும். அதே சாயங்காலம் வழக்கம் போல வாளியும் கவிழ்ந்தது. ஒரு மனிதர் தான் செய்யும் அசிங்கத்தைச் சிறியதாகப் பார்த்து இவ்வளவு பெருமைப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குட்டி யானை வண்டியில் ஏற்றி, மடியில் பிடித்துக்கொண்டு, அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். முன்கூடத்து மேஜையில் இறக்கி வைத்ததும் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"பன்னிகூட கீதுபா!"

"டேய், அது நாய்டா."

"சேத்துல பொரண்டுகினு கீது, மூணு குட்டிங்க வேற. நாயா அது?"

"அய்யே, அந்த இறகப் பாரேண்டி. எவ்ளோ அழகா கீது!"

அழகு. அந்தச் சாக்கடையைப் பற்றி அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெண்மணி கன்னத்தில் கை வைத்து, முகத்தை அதற்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவரும் எங்கள் தெரு முனையில்தான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறார். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பொறியாளரிடம் வெட்டித் திறந்த பக்கத்தைக் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டார்.

"ஓ, ரோடு ஒசந்துட்டுது. குழாய் கீழயே மாட்டிக்கிச்சி."

"அடைப்ப எடுத்தா போதும் சார். மழைக்குள்ள எடுத்துட்டா அவங்க வீட்டுக்குள்ள வராது."

"போதும்தான். ஆனா ரோட்ட ஒடைக்கணுமே சார். ரோடு நம்மளுது இல்ல, வேற டிபார்ட்மென்ட். எழுதிப் போடறேன். இது இங்கயே இருக்கட்டும், பெரிய அதிகாரி வரப்போ காட்டலாம்."

எழுதிப் போட்டாரா, தெரியாது. ஆனால் மாடலுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி மறுநாளே வந்துவிட்டது.

ஆயுத பூஜை அன்று மறுபடி போனேன். வானம் மூடிக்கொண்டிருந்தது, என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலில் ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர், பிரின்டர், பீரோ, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சுவரோரம் கடப்பாரை, மண்வெட்டி, முள்கொத்து எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாகச் சாத்தி, பட்டை போட்டிருந்தார்கள். ஒரு மண்வெட்டியில் கடை லேபிள் இன்னும் கிழியவில்லை.

"இன்னிக்கி எதையும் தொடக் கூடாது சார்" என்றார் பொறியாளர், கையில் பொரிப் பொட்டலத்தைத் திணித்து. "சாமானெல்லாம் பூஜைல கீது. இப்பத்தான் சாமி கும்புட்டோம். ஒங்க மாடலுக்கும் பண்ணோம், வந்து பாருங்க."

கண்ணாடியைக் கழற்றி உள்ளே பண்ணியிருந்தார்கள். ஈரச் சந்தனத்தைக் குழைத்து வீடு வீடாக அப்பி, மேலே குங்குமம். அக்கா வீட்டுக் கதவின் மேல் வைத்த பொட்டு கதவைவிடப் பெரிதாக, முகப்பையே மூடிக்கொண்டிருந்தது. சாக்கடை ஓரத்திலும் இரண்டு பொட்டு. எபாக்சி மேல் சாமந்தி இதழ்களைத் தூவியிருந்தார்கள். என் வேலை கெட்டதே என்று கோபப்பட்டிருக்கலாம். அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வேலையே பார்க்காத கடப்பாரைக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடுகிறார்கள், சாக்கடைக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள்; மழை எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. பொரியை ஜீப்பின் பேனட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெரிய அதிகாரி அடுத்த வாரம் வந்தார். மாடலை மெச்சி, இந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். ஆகவே அவர் வருவதற்கு முந்தின நாள் ஆட்கள் வந்து சாக்கடையை அள்ளினார்கள். நாலு பேர். கையுறை இல்லை, காலுக்கு எதுவும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தே வாந்தி வந்த பொருளுக்குள் அவர்கள் முழங்கால் வரை நின்றார்கள். அள்ளியதை அக்கா வீட்டுச் சுவரோரம் கொட்டிக்கொண்டே போனார்கள்.

"டிராக்டர்ல ஏத்திடுங்களேன்" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஈரத்தோட ஏத்துனா வழிபூரா ஒழுவும் சார். காஞ்சதும் அள்ளிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் எங்கும் இப்படித்தான். சாக்கடையிலிருந்து எடுத்ததைச் சாக்கடைக் கரையிலேயே காய வைப்பார்கள். வெயில் காலத்தில் அது காய்ந்து தூசியாகி எல்லோர் வீட்டுக்கும் போகும். மழைக் காலத்தில் எடுத்த இடத்துக்கே திரும்பும். இதை ஒரு வேலை என்று சொல்லிச் சம்பளமும் வாங்குகிறார்கள், மேற்பார்வையும் செய்கிறார்கள்.

பெரிய அதிகாரி காரிலிருந்து இறங்கி, சுத்தமான சாக்கடையைப் பார்த்து, "வெரி குட். பிஃபோர், ஆஃப்டர் ரெண்டும் கிடைச்சிடுச்சு" என்றார். பிஃபோர் என்பது என் மாடல். குழாய் அடைப்பைப் பற்றி நான் வாயைத் திறந்தபோது கார் கதவு சாத்தப்பட்டது.

மழை ஒரு விடியற்காலையில் பிடித்தது. நான் காலை ஷிப்டில் இருந்தேன். மனைவி போன் செய்தாள்: "அண்ணி வூட்டுக்குள்ள தண்ணி வந்துட்ச்சிங்க. கட்டுல்ல ஒக்காந்துகினு கீறாங்க. கூப்ட்டா வர மாட்டேங்கறாங்க."

ஓடி வந்தேன். சுவரோரத்து மேடு கரைந்து முழுதும் உள்ளே போயிருந்தது. வாசலில் செருப்பை விட்டு இறங்கினேன். கணுக்கால் வரை கறுப்புக் கூழ். அது சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு, புண் இருந்த காலைப் பாலித்தீன் பையால் சுற்றிச் சணலால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கல. எறங்க மாட்டேன். டாக்டரு சொன்னது ஞாபகம் கீது எனக்கு."

"நான் தூக்கிக்கறேன்க்கா. வா."

"தூக்குவ. நாளிக்கித் திரும்ப யாரு கொண்டாந்து வுடுவா? நான் போனா இத அப்பிடியே வுட்டுடுவானுங்க. இங்கயேதான் ஒக்காருவேன்."

நான் போனில் கத்திய கத்தலில் பொறியாளர் மழைக்கோட்டோடு வந்துசேர்ந்தார். வாசற்படியில் நின்று, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"சார், ஒங்க மாடல்ல வூட்டு உள்பக்கம் காட்டவே இல்லியே. கதவ மூடியே வெச்சிட்டீங்க. அதான் உள்ள இவ்ளோ வரும்னு எங்களுக்குத் தெரில."

அப்போது என் கையில் ஏதாவது இருந்திருந்தால் வீசியிருப்பேன். அக்காதான் கட்டிலிலிருந்து கேட்டாள்.

"யாருடா அது?"

"ஆபீஸ்லேர்ந்துக்கா."

"ஏன் வாசல்ல நிக்கற தம்பி? உள்ள வா."

அவர் தயங்கி ஒரு காலைத் தூக்கினார்.

"ஷூவ அவுத்துட்டு வாப்பா. வூட்டுக்குள்ள யாரும் செருப்போட வர மாட்டாங்க."

"இல்லம்மா... சேறா கீது..."

"சேறா இருந்தா? வூடு வூடுதான். ஒங்க வூட்டுல ஷூவோட பூந்துடுவியா நீ? பாரு, என் தம்பிகூட அவுத்துட்டுத்தான் நிக்கிறான்."

அவர் என் காலைப் பார்த்தார். நான் அவர் ஷூவைப் பார்த்தேன். வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் குடையோடு நின்றிருந்தார்கள். அவர்களும் அதையே பார்த்தார்கள். பெரியவள் ஒருத்தி வீட்டுக்குள் அழைக்கிறாள். வர மாட்டேன் என்றும் சொல்ல முடியாது, ஷூவோடு வருவேன் என்றும் சொல்ல முடியாது. குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உருட்டி அதற்குள் வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்தார். முதல் காலை வைத்ததும் அவர் தோள் இரண்டும் காது வரை ஏறின.

"இன்னும் வா. அந்த மூலைல அரிசி மூட்ட கீது பாரு, அடி நனஞ்சி போச்சி. போட்டோ புடி. இந்தப் பக்கம் அடுப்பு. புடி."

அறை முழுதும் அவரை நடக்க வைத்தாள். நடுவில் நின்று ஒரு காலைத் தூக்கினார். விரல்களுக்கு நடுவே வெளுத்த, வழவழப்பான ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டு தொங்கியது. உதறினார், விழவில்லை. கையால் எடுக்கவும் துணியவில்லை. அப்படியே ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதுக்கு வைத்தார்.

"பொக்லைன் எங்க கீது? ... யாரையும் கேக்க வேணாம். ரோட்ட அப்பறம் பாத்துக்கலாம். இப்பவே அனுப்பு."

பொழுது சாய்வதற்குள் ரோட்டைக் குறுக்கே வெட்டி, குழாயைப் பிடுங்கினார்கள். அதற்குள் இருந்து வந்ததை நான் எழுதப் போவதில்லை. தண்ணீர் ஒரு நீண்ட ஏப்பத்தோடு வாய்க்கால் பக்கம் இறங்கியது. அக்கா வீட்டுத் தரை தெரிந்தது. நானும் மனைவியும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து முடித்த பிறகுதான் அவள் கட்டிலை விட்டு இறங்கினாள். கால் புண் பெரிதாகவில்லை; விரல் இருக்கிறது. வெறுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்த மாடலை நான் போய்த் திரும்பக் கேட்கவும் இல்லை.

போவதற்கு முன்னால் பொறியாளர் கால் கழுவ வேண்டும் என்று கொல்லைப்புறக் குழாய்க்குப் போனார். அக்கா சோப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

"நல்லாத் தேச்சிக் கழுவுப்பா, வெரலு சந்துலல்லாம்" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். பிறகு, கொஞ்சம் கவலையாகவே, "கால்ல எங்கனாச்சும் புண்ணு கீதா ஒனக்கு?" என்று கேட்டாள்.

அவர் கல் மேல் உட்கார்ந்து, காலை மடியில் தூக்கி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.